துலக்கிய அச்சு

தீவில், மின்னி பே என்னும் கடலோரத்தில் நாங்கள் குடியிருந்த தகர வீட்டில் என் கை படக் கூடாத பொருள் ஒன்றே ஒன்றுதான். என் வீட்டுக்காரர் வீச்சு வலைக்கு ஈயக்குண்டு வார்க்கும் அலுமினிய அச்சு அது. புத்தகம்போல் திறந்து மூடும் இரண்டு பாதி, பாதிக்கு எட்டுக் குழி. கல்யாணம் முடிந்து கப்பலேறியபோது தூத்துக்குடியிலிருந்து அவர் கொண்டுவந்த சொத்து அதுதான். அதற்குப் பிறகுதான் நான் என்று அவரிடமே சொல்லிக் காட்டியிருக்கிறேன்.

குழியில் ஈயம் ஒட்டிக்கொண்டால் கத்தியை வைக்கமாட்டார். மூங்கில் குச்சியால் தட்டித்தான் எடுப்பார். ஒரு கீறல் விழுந்தாலும் குண்டெல்லாம் பிசிறோடு வந்து வலைநூலை அறுத்துவிடுமாம். கீலுக்கு மெழுகு தடவுவார். வார்ப்பதற்கு முன் மெழுகுவர்த்திப் புகையில் குழிகளுக்குக் கரியேற்றுவார். தண்ணீர் மட்டும் படக் கூடாது என்பார். பட்டால் அச்சு கெட்டுப்போகும் போலிருக்கிறது என்று நானாக நினைத்துக்கொண்டேன். ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பெரிய வியாழனுக்கு முன் பாத்திரம் முழுவதையும் சாம்பலும் தேங்காய் நாரும் போட்டுத் துலக்குவது எங்கள் பழக்கம். அந்த வருஷம் என் கை சும்மா இருக்கவில்லை. கரிப்பிடித்த அலுமினியம் கண்ணை உறுத்தியது. அச்சையும் தேய்த்துக் கழுவி, துடைத்து, துணியில் சுற்றிவைத்தேன்.

ஈஸ்டர் முடிந்த மறுநாள் அவர் ஈயத்தை உருக்க வைத்துவிட்டு அச்சைத் திறந்தார். பளபளவென்றிருந்தது.

"இத யாரு தேச்சா?"

"நாந்தான்."

"தண்ணி பட்டுச்சாட்டி?"

திட்டு விழுமே என்று பயம். "இல்லங்க, வெறுஞ்சாம்பலப் போட்டுத் துணியாலதான் தேச்சேன்."

பட்டது என்று சொல்லியிருந்தால் அடுப்பின்மேல் வைத்து நன்றாகக் காயவிட்டிருப்பார். என்னை நம்பி, கரியை மட்டும் ஏற்றிவிட்டு ஊற்றினார். குண்டில் ஓட்டை விழுவதற்காக அச்சில் கம்பி செருகும் துளைக்குள் ஈரம் தங்கியிருந்திருக்கிறது. முதல் கரண்டி ஈயமே பட்டென்று வெடித்துச் சிதறியது. வலது கண்ணைப் பொத்திக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் எப்படி நடந்தது என்று ஹிந்தியில் கேட்டார். "மேரா கல்தி" என்றார் இவர். என் தப்பு என்கிறார் என்று புரியும் அளவுக்கு எனக்கும் ஹிந்தி தெரியும். பக்கத்திலேயே நின்றேன், வாயைத் திறக்கவில்லை. கண் போய்விட்டது. பிறகு பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொன்னேன். புருஷனிடமும் சொல்லிவிடு என்றார். இவர் இறந்த நாள்வரை நான் சொல்லவில்லை. கோழை நான், வேறென்ன.

ஆஸ்பத்திரியிலிருந்து நாங்கள் வீட்டுக்கு வந்ததும் இவருடைய அண்ணன் பாம்பூஃப்ளாட்டிலிருந்து ஃபெரி ஏறி வந்து ஏசினார். "இத்தன வருஷமா வாக்குற, ஒரு கூறு வேண்டாமால?"

"ஈயத்துல ஈரம் இருந்திருக்கும்ணே. நாந்தான் பாக்கல."

அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்த எனக்கு அழுகையை அடக்க முடியவில்லை. அண்ணன் போனபின் இவர் உள்ளே வந்தார். மிச்சமிருந்த கண்ணால் பார்ப்பதற்காகத் தலையைத் திருப்பி என் முகத்தைப் பார்த்தார்.

"ஏன் கண்ணு இப்பிடிச் செவந்திருக்கு?"

"புகைங்க" என்றேன்.

அதையும் நம்பினார். மறுநாள் காலையில், கட்டுப் போட்ட கண்ணோடு மண் குழைத்து, ஜன்னலோரமாக எனக்குப் புது அடுப்பு போட்டுக்கொண்டிருந்தார். நான் தடுத்தபோது நிமிராமலே சொன்னார்:

"ஒனக்காவது ரெண்டும் நல்லாருக்கட்டும்."