ஐந்து அரிவாள்மனைகள்

என் சிநேகிதர் ஒருவர் என் வீட்டுப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட வந்த அன்று, நான் ஐந்து அரிவாள்மனைகளைத் திருடினேன். அவற்றில் ஒன்றுதான் என் வீட்டுடையது. மற்ற நான்கும் காய்கறி நறுக்க ஒத்தாசைக்கு வந்த அக்கம்பக்கத்துப் பெண்கள் கையோடு கொண்டுவந்தவை. திருடிய பொருளை நான் விற்கவில்லை. கட்டிலுக்கு அடியில் இன்ஷூரன்ஸ் படிவங்கள் வைத்திருந்த தகரப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டினேன். ஐந்தையும் உள்ளே திணிப்பதற்குள் இடதுகைப் பெருவிரலை அறுத்துக்கொண்டேன். அன்று அந்த வீட்டில் இரும்பால் காயம்பட்டவன் நான் ஒருவன்தான்.

இதைவிட வெட்கக்கேடு ஒன்று உண்டு. அதற்கு இருபது நாள் முன்னால்தான் வாசகசாலையில் மனநோயைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசியிருந்தேன். சர்க்கரை வியாதிக்காரரைக் கண்டு பயந்து ஓடுகிறோமா, காசநோய்க்காரரைக் கட்டிப் போடுகிறோமா என்றெல்லாம் கேட்டேன். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் பதினொரு பேர். அதில் நாலு பேர் மழைக்கு ஒதுங்கியவர்கள். மழை விட்டதும் அவர்கள் போய்விட்டார்கள். மிச்சம் ஏழு பேர் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டல் எனக்குக் கொஞ்ச நாள் காதிலேயே இருந்தது.

அறுபதுகளின் கடைசி அது. காரைக்குடியில் நான் இன்ஷூரன்ஸ் ஏஜெண்டாகக் காலம் தள்ளிக்கொண்டிருந்தேன். படிவத்தில் ஒரு கேள்வி வரும்: குடும்பத்தில் யாருக்காவது சித்தப்பிரமை உண்டா? பத்து வருஷத்தில் ஒருவர்கூட அதற்கு 'ஆம்' என்றதில்லை. "சேச்சே, எங்க வம்சத்துலயா?" என்பார்கள். அந்நேரம் பார்த்துப் பின்கட்டில் ஏதோ ஓர் அறையின் கதவை யாரோ உள்ளேயிருந்து தட்டுவது கேட்கும். "பூனை" என்பார்கள். நானும் 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்துவிடுவேன். என் படிவங்களின்படி இந்த வட்டாரத்தில் புத்தி பேதலித்தவர் ஒருவரும் கிடையாது. பூனைகள்தான் அதிகம்.

சிநேகிதர் இங்கே உயர்நிலைப்பள்ளி ஒன்றில் பூகோள ஆசிரியராக இருந்தார். என்னைவிட நாலைந்து வயது இளையவர். ஊரே அவரை 'சார்' என்றது, நானும்தான். ஒருநாள் வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போதே, சுவரில் மாட்டியிருந்த இந்திய வரைபடத்தைக் கழற்றிச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வெளியே நடந்தார். மூன்றாம் நாள்தான் கண்டுபிடித்தார்கள். காளையார்கோவிலில் குளத்துப் படியில் படத்தை விரித்துப் போட்டு, அதன் மேல் யாரும் கால் வைத்துவிடாமல் காவல் காத்துக்கொண்டிருந்தார். செருப்பில்லாத பாதங்கள் இரண்டும் வெந்து போயிருந்தன.

பிறகு வழக்கம்போல எல்லாம் நடந்தது. எலுமிச்சம்பழம், தாயத்து, வேப்பிலை, ஒரு மண்டலம் கோயில் வாசம். எல்லாம் தோற்ற பிறகு, மதுரையில் ஆஸ்பத்திரி. வைத்தியத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் முதலில் செய்து பார்ப்பது நம்முடைய வழக்கம். ஆறு மாதம் கழித்து நல்லபடியாகத் திரும்பி வந்தார். கை மட்டும் லேசாக நடுங்கியது. மாத்திரையினால் அப்படி இருக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஊர் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டது. 'சார்' என்று போனவர் 'அந்தாளு' என்று திரும்பி வந்தார். சலூனுக்குப் போனால், பகல் பதினொரு மணிக்குக் கடை சாத்தப் போவதாகச் சொன்னார்கள். டவுன் பஸ்ஸில் அவர் பக்கத்து இடம் மானகிரி வரைக்கும் காலியாகவே போகும். நின்றுகொண்டு வருகிறவர்களிடம் உட்காரச் சொன்னால், கால் வலிக்கவில்லை என்பார்கள். நான் ஒருநாள் உட்கார்ந்தேன். உட்கார்ந்ததை அந்த வாரம் முழுக்க எல்லாரிடமும் சொன்னேன்.

அவருக்கு ஒன்றுதான் வேண்டியிருந்தது. மறுபடி வகுப்பில் நிற்க வேண்டும்.

"வீட்டுல உக்காந்திருந்தா எல்லாரும் என்னையவே பாத்துக்கிட்டு இருக்காகண்ணே," என்றார். "வகுப்புன்னா படத்தப் பாப்பாக."

அவருக்காகப் பள்ளிக்கூடச் செயலாளரைப் போய்ப் பார்த்தேன். வட்டிக்கடைக் குடும்பத்தில் பிறந்து, அந்தத் தொழில் பிடிக்காமல் பள்ளிக்கூடத்தைக் கட்டிக்கொண்டு அழுத நல்ல மனிதர். கெட்டவராக இருந்திருந்தால் இந்தக் கதையை எழுதுவது எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"எனக்கு அவரு மேல ஒண்ணுமில்லை," என்றார். "பெத்தவுகதேன் பயப்படுறாக. நாலு பேரு கூடுற எடத்துக்கு அவரு வரட்டும். பந்தியில உக்காந்து சாப்பிட்டு, எந்திரிச்சுக் கை கழுவிட்டுப் போகட்டும். ஊரு பாக்கட்டும். ஜூன்ல சேத்துக்கிருவோம்."

நியாயமான பேச்சுதான். ஆனால் நாலு பேர் கூடும் இடத்துக்கு அவரை யார் அழைத்தார்கள்? எங்கள் பக்கம் எந்த விசேஷமானாலும் வீடு தேடி வந்து அழைக்க வேண்டும். அவர் வீட்டுக்கும் வந்து அழைக்கத்தான் செய்தார்கள். அவர் கூடத்தில் உட்கார்ந்திருக்க, வாசலில் நின்றபடியே அவர் மனைவியிடம், "நீங்க வந்துருங்க. பொம்பளப் புள்ளைக ரெண்டையும் கூட்டிக்கிட்டு வாங்க," என்று எண்ணிச் சொல்லிவிட்டுப் போனார்கள். அவர் அந்த எண்ணிக்கையில் வரமாட்டார்.

அப்போது நான் மானகிரிப் பக்கம் இரண்டு அறையும் ஒரு கூடமுமாக ஒரு வீடு கட்டி முடித்திருந்தேன். குடிபோகும் விருந்திலேயே காரியத்தை முடித்துவிடலாம் என்று தீர்மானித்தேன். என் மனைவியோடு குங்குமம், வெற்றிலை பாக்குத் தட்டு சகிதமாக அவர் வீட்டுக்குப் போய், அவர் முகத்தைப் பார்த்து அழைத்தேன். அவர் மனைவி இரண்டு கொய்யாப்பழங்களைத் தட்டில் முழுசாகக் கொண்டுவந்து வைத்தார். நறுக்கித் தரும் வழக்கம் அந்த வீட்டில் இல்லை போலும் என்று நினைத்துக் கடித்தேன்.

"வர்றேன்ணே," என்றார் அவர். "ஒண்ணு மட்டும். ஓரத்துல எல போட்டுறாதீக. நடுவுல போடுங்க."

விருந்து நாளன்று காலை எட்டு மணிக்கு எனக்குப் பயம் வந்தது. காய் நறுக்கி முடித்த பெண்கள் அரிவாள்மனைகளைக் கழுவிப் பின்வாசலில் வரிசையாகச் சாத்தி வைத்திருந்தார்கள். ஐந்து அலகிலும் வெயில் பட்டது. அவர் கை கழுவ இந்த வழியாகத்தானே வருவார் என்று தோன்றியது. என் முக்கால் மணி நேரப் பேச்சில் இந்த இடத்துக்கு ஒரு வரிகூட இல்லை. ஒரு ஆபத்தும் இல்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் ஒவ்வொன்றாகத் துண்டில் சுற்றி உள்ளே கொண்டுபோனேன்.

பதினொன்றரைக்கு முதல் பந்தி. வெள்ளைச் சட்டையும் நீறுமாக வந்தார். நடுவில் இலை போட்டிருந்தேன். செயலாளர் தானாகவே வந்து அவருக்கு இடப்பக்கம் உட்கார்ந்தார். வலப்பக்கத்து இலை கொஞ்ச நேரம் ஆளில்லாமல் கிடந்தது. பிறகு சிங்கம்புணரியிலிருந்து வந்திருந்த என் மனைவி வழி உறவுக்காரர் ஒருவர், விஷயம் தெரியாதவர், வந்து உட்கார்ந்தார். அறியாமைக்கும் ஒரு நல்ல பயன் உண்டு என்று அன்று கண்டுகொண்டேன்.

எல்லாம் நன்றாகவே போயிற்று. சாம்பார் ஊற்றிப் பிசையும்போது கை நடுங்கி இரண்டு சொட்டுப் பக்கத்து இலையில் விழுந்தது. செயலாளர் இலையை நகர்த்தவில்லை.

"என்ன சார், இந்த வருசம் மழை உண்டா?" என்று கேட்டார். எத்தனையோ நாள் கழித்து அவரை ஒருவர் அப்படிக் கூப்பிட்டார்.

"ஐப்பசிக் காத்து வங்காள விரிகுடாவுல எப்படித் திரும்புதுன்னு பாக்கணும்," என்று இவர் ஆரம்பித்து, பருப்பை ஒரு பக்கமும் கூட்டை மறுபக்கமும் ஒதுக்கி, இலையிலேயே கடற்கரை போட்டுக் காட்டினார். சிங்கம்புணரிக்காரர்கூட எட்டிப் பார்த்தார். பரிமாறிக்கொண்டே நான் மனசுக்குள் ஜூன் மாதத்துக்குப் போய்விட்டேன்.

அந்த நேரத்தில்தான் பின்வாசலிலிருந்து சமையல்காரர் குரல் கொடுத்தார்.

"ஆத்தா! அருவாமனை எங்க போச்சு? இன்னும் நாப்பது எலைக்கு ஆளு நிக்கிது. வாழக்காய் நறுக்கணும். ஒண்ணையும் காணோம்!"

பெண்கள் தேட ஆரம்பித்தார்கள். வீடோ புது வீடு. தேடுவதற்கு அதிக இடமில்லை.

"எங்க அம்மா வீட்டுச் சீரு அது. பித்தளக் குமிழு வச்சது!"

"ஒண்ணு காணாமப் போகலாம். அஞ்சுமா போகும்?"

"அந்தச் சமையலாளுக பையப் பாருங்கடி."

சமையல்காரர் தோளில் கிடந்த துண்டை உதறிக் கீழே போட்டார். "முப்பது வருசமா இந்தச் சீமையில சமைக்கிறேன். ஒருத்தன் வீட்டுக் கரண்டி என் பையில வந்ததில்ல. பையப் பாருங்க. பாத்துட்டு அடுப்ப நீங்களே எரிச்சுக்கங்க."

அடுப்பை அணைக்கக் குடத்தையும் கையில் எடுத்துவிட்டார். இதற்கு மேல் சும்மா நின்றால் இரண்டாம் பந்திக்குச் சோறு இல்லை. நான் அறைக்குள் போய், கட்டிலுக்கு அடியில் தவழ்ந்து, இடுப்பில் முடிந்திருந்த சாவியை எடுத்துப் பெட்டியைத் திறந்தேன். அறைக்குக் கூடத்தின் வழியாகத்தான் வாசல். ஐந்து அரிவாள்மனைகளையும் விறகு மாதிரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, சாப்பிட்டுக்கொண்டிருந்த பந்தியின் நடுவே நடந்து வந்தேன்.

பித்தளைக் குமிழ் வீட்டுப் பெண்மணி வழிமறித்தார். "பொட்டியத் தொறக்குற சத்தம் கேட்டுச்சே. பொட்டிக்குள்ளயா வச்சீக? எதுக்கு?"

பொய் சொல்வது எனக்குத் தொழில். எலி என்றிருக்கலாம். சாஸ்திரம் என்றிருக்கலாம், புதுவீட்டில் எதையும் நம்புவார்கள். ஆனால் நான் செய்ததெல்லாம், கண்ணைத் திருப்பிச் சிநேகிதரைப் பார்த்ததுதான். அரை விநாடிதான் இருக்கும். அதற்குள் பந்தி முழுக்க அதே பக்கம் திரும்பிவிட்டது.

அவர் இலையின் மேல் கையை வைத்தபடி முதலில் அரிவாள்மனைகளைப் பார்த்தார். பிறகு துணி சுற்றியிருந்த என் பெருவிரலைப் பார்த்தார். பிறகு பரிமாறுகிற ஆளிடம், "ரசம் ஊத்துங்க," என்றார். சிங்கம்புணரிக்காரர் அந்தப் பக்கத்து ஆளிடம் குனிந்து ஏதோ கேட்டார். பதில் கிடைத்ததும், மோர் வேண்டாம் என்று எழுந்துவிட்டார். இவர் ரசம் சாப்பிட்டார், மோரும் சாப்பிட்டார். இலையை மடித்து, எழுந்து, கை கழுவினார். செயலாளர் கேட்டது எதுவோ அதில் ஒன்றையும் அவர் குறை வைக்கவில்லை.

செயலாளர் கொல்லையில் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். கோபமே இல்லை. அலுப்புதான் இருந்தது.

"நீங்க அவருக்கு ரொம்ப வேண்டியவரு. கூட்டம் போட்டுல்லாம் பேசுனீக. உங்களுக்கே பொட்டியப் பூட்டணும்னு தோணிருச்சு. புள்ளையப் பெத்தவுக வந்து கேட்டா நான் என்னத்தச் சொல்லட்டும்?"

இந்தக் கேள்விக்கு நான் இன்னும் பதில் தயாரித்துக்கொண்டிருக்கிறேன்.

நான்கு அரிவாள்மனைகளும் அன்று சாயந்தரமே சொந்த வீடு போய்ச் சேர்ந்தன. கூடவே கதையும் போயிற்று. என் மனைவிதான் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தாள். போன இடத்திலெல்லாம் பதில் சொல்லிவிட்டு வந்து, நாலு நாள் என்னோடு பேசவில்லை. அந்த நாலு நாளில் கதை வளர்ந்தது. ஐந்தாம் நாள் டீக்கடையில் என்னிடமே ஒருவர் சொன்னார்: "உங்க வீட்டுப் பந்தியில அந்தாளு அருவாமனையத் தூக்கிட்டானாமுல்ல?" தூக்கியது நான்தான் என்றேன். "நீங்க நல்லவுக, அப்படித்தேன் சொல்லுவீக," என்று என் டீக்கும் சேர்த்து அவரே காசு கொடுத்தார்.

ஜூனில் வேறொருவர் பூகோளம் நடத்த வந்தார். சிநேகிதர் குடும்பத்தோடு சிங்கம்புணரிக்குப் போய், அங்கே அண்ணனுடைய கயிற்றுக்கடையில் உட்கார்ந்தார்.

மன்னிப்புக் கேட்கப் போக எனக்கு ஐந்து மாதம் பிடித்தது. பஸ்ஸில் போகும்போதே பேச்சைத் தயார் செய்துகொண்டேன். நான் என்னதான் படித்தாலும் ஊரின் பயம் எனக்குள்ளும் ஊறியிருக்கிறது, அந்தக் குற்றத்தை உணர்ந்து வெட்கப்படுகிறேன் என்கிற ரீதியில் நன்றாகவே வந்திருந்தது. அவர் வாசல் பெஞ்சில் உட்காரச் சொன்னார். அவர் மனைவி கொய்யாப்பழம் வைத்துவிட்டு உள்ளே போனார். இப்போதும் முழுசாகத்தான். நான் ஆரம்பித்து, ஒருவழியாக முடித்தேன். இந்தத் தடவை கைதட்ட ஆளில்லை. கண் மட்டும் கலங்கியிருந்தது, என் கண்தான்.

அவர் உள்பக்கம் ஒருதரம் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"ஆஸ்பத்திரியில இருந்து வந்த நாளா எங்க வீட்டு அருவாமனை அரிசிப் பானைக்குள்ளதேன் கெடக்கு. நான் வெளிய போனாத்தேன் எடுப்பா. அது எனக்குத் தெரியும்னு அவளுக்கு இன்னைக்கி வரைக்கும் தெரியாது." கொய்யாப்பழத்தை என் பக்கம் தள்ளினார். "ஒளிக்கிறதுன்னா அப்படி ஒளிக்கணும்ணே. நீங்க ஒரு காரியத்தையும் ஒழுங்காச் செய்யமாட்டீக."