இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால்

நோய் வராமல் காத்துக்கொள்வது எப்படி என்று ஊருக்குச் சொல்வது எங்கள் தொழில். சொல்வது நானல்ல, சொல்கிறவருக்கு முன்னால் தண்ணீர் பாட்டில் வைப்பது நான். தில்லியில் ஒரு மருத்துவமனையில் பதினாறு வருடம் நர்ஸாக இருந்தேன். முதுகுவலி வந்தபிறகு, பொதுச் சுகாதாரம் பற்றிக் கூட்டங்கள் நடத்தும் ஒரு நிறுவனத்துக்கு மாறிக்கொண்டேன். சொற்பொழிவு, கருத்தரங்கு, பயிலரங்கு என்று பெயர் மாறும். பிளாஸ்டிக் நாற்காலி மாறாது. நீங்களும் எப்போதாவது இப்படி ஒன்றில் மாட்டிக்கொண்டு, கடைசி வரிசையில் உட்கார்ந்து, டீ எப்போது வரும் என்று கதவைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கதவருகே நின்றுகொண்டு, நீங்கள் எழுந்து போய்விடுவீர்களோ என்று உங்களையே பார்த்துக்கொண்டிருந்தவள் நான்தான்.

மூன்று பகுதிகள் கொண்ட கேள்வி

கிட்வாய் நகர் சமுதாயக் கூடத்தில் சர்க்கரை நோய்த் தடுப்புக் கொள்கை பற்றிய கூட்டம். பேச்சு முடிந்து கேள்வி நேரம். ஓய்வுபெற்ற துணைச் செயலர் ஒருவர் எழுந்தார். எங்கள் கூட்டம் எதையும் தவறவிடாதவர். "கேள்வின்னு சொல்ல முடியாது, கருத்து. மூணு பகுதியா இருக்கு" என்றார். முதல் பகுதி முடிவதற்குள் பேச்சாளர் மடிக்கணினியை மூடிப் பையில் வைத்துவிட்டார். நான் மைக் செல்வராஜைப் பார்த்தேன்.

செல்வராஜை இங்கே அறிமுகம் செய்துவிட வேண்டும். நாற்பது வயது. பெற்றோர் விழுப்புரம் பக்கத்திலிருந்து தில்லிக்குக் கட்டட வேலைக்கு வந்தவர்கள். இவன் பிறந்தது இங்கேதான். எங்கள் கூட்டங்களுக்குப் பதினோரு வருடமாக ஒலிபெருக்கி வைக்கிறவன். நிரந்தர வேலை இல்லை. கூட்டம் இருந்தால் கூப்பிடுவோம், வருவான்.

அவன் என் கண்ணைப் பார்த்தான். திருகில் விரலை வைத்து, சூரியன் மறைவதைப்போல அவ்வளவு மெதுவாக ஒலியைக் குறைத்தான். துணைச் செயலரின் உதடுகள் மட்டும் அசைந்துகொண்டிருந்தன. கூட்டம் தன் பாட்டுக்குப் பேச ஆரம்பித்தது. அவர் எதையும் கவனிக்கவில்லை. மூன்று பகுதிகளையும் முடித்து உட்கார்ந்தார். வெளியே போகும்போது என்னிடம் வந்து கையைக் கூப்பினார். "இத்தனை வருஷத்துல இன்னைக்குத்தாம்மா யாரும் குறுக்கே பேசாம என்னை முழுசா முடிக்க விட்டேள்."

வெளியே போய்

எங்கள் இயக்குநர் நுரையீரல் மருத்துவர். காசநோய் பற்றி அவர் பேசினால் கல்லும் கேட்கும். பேச்சின் நடுவில் திரையில் ஒரு படம் வரும். சிவப்பு எழுத்தில், இந்தியில், 'இரண்டு வாரத்துக்கு மேல் இருமலா? சளிப் பரிசோதனை செய்யுங்கள்' என்று இருக்கும். அந்த இடத்தில் அவர் சில விநாடி பேசாமல் நிற்பார். அந்த மௌனம்தான் பேச்சின் உயிர்.

சரோஜினி நகரில் ஒரு பள்ளிக்கூட அரங்கில் அந்த மௌனத்தில் யாரோ இருமினார்கள். இயக்குநர் மறுபடி நிறுத்திப் பார்த்தார். மறுபடியும் இருமல். ஆம்ப்ளிஃபயருக்குப் பின்னாலிருந்து வந்தது. நான் நுனிக்காலில் நடந்துபோய் செல்வராஜிடம் வெளியே போய் இருமு என்று சைகை செய்தேன். போனான். ஸ்கூட்டர்கள் நிற்கிற இடத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு இருமியது ஜன்னல் வழியே தெரிந்தது. இயக்குநர் மூன்றாவது முறை மௌனமானார். அரங்கமும் மௌனமாக இருந்தது. நல்ல கைதட்டல்.

வயர்களைச் சுற்றும்போதுதான் எனக்கு உறைத்தது. பதினாறு வருட நர்ஸ்.

"எத்தனை நாளா இருமுற, தம்பி?"

அவன் வயரை முழங்கையில் சுற்றிக்கொண்டே சொன்னான். "அஞ்சு வாரம் இருக்கும் அக்கா. உங்களுக்குத் தொந்தரவு இல்லாம இனிமே கதவுக்கிட்டயே மெஷினப் போட்டுக்கறேன்."

முளைகட்டிய பயறு

மறுநாள் ஒரு பெட்டி முகக்கவசம் கொடுத்தேன். பரிசோதனைக்குப் போ என்றேன். "போறேன் அக்கா, அடுத்த வாரம்" என்றான். அடுத்த வாரம் கூட்டம் இருந்தது. எங்களுக்கு எல்லா அடுத்த வாரமும் கூட்டம் இருக்கும்.

அது உப்பைக் குறைப்பது பற்றி. ஏற்பாடுகளைக் கவனிக்கும் மல்ஹோத்ராஜி முந்தைய கூட்டத்துக்குச் சமோசா, குலாப் ஜாமூன், காரபூந்தி வாங்கியிருந்தார். மேடையிலிருந்த உணவியல் நிபுணர் சமோசாவைப் பார்த்த பார்வையில் இயக்குநர் கூனிக் குறுகினார். எனவே இந்த முறை முளைகட்டிய பயறு, வெள்ளரிக்காய், உப்பில்லாத மோர். செய்தி எப்படியோ காலனி முழுக்கப் பரவிவிட்டது. வழக்கமான கூட்டத்தில் கால்வாசிகூட வரவில்லை. வந்தவர்களும் பயறுக் கிண்ணத்தைக் குனிந்து பார்த்துவிட்டு, வீட்டில் விருந்தாளி என்று கிளம்பினார்கள். மிஞ்சியதைச் சாப்பிடு என்று செல்வராஜிடம் நீட்டினேன். பசியில்லை என்றான். அவன் பெல்ட்டில் ஆணியால் குத்திய புது ஓட்டை ஒன்று இருந்தது.

அதைப் பற்றிப் பேச மல்ஹோத்ராஜியைத் தேடிப் போனேன். அவர் காலி நாற்காலிகளுக்கு நடுவே கொள்கையைச் சிந்தித்துக்கொண்டிருந்தார். "சிஸ்டர், நோயைத் தடுங்க, வேண்டாங்கல. ஆளுங்களைத் தடுக்காதீங்க."

துவாரகாவில் ஒரு டாக்டர்

துவாரகாவில் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் மனமகிழ் மன்றம். இயக்குநர் காசநோய் பற்றிப் பேச வேண்டும். மேம்பாலத்தில் லாரி கவிழ்ந்து, நாற்பது நிமிடமாக அதே தூணைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று போன் செய்தார். கூட்டமோ நிறைந்துவிட்டது. இந்த முறை சமோசா.

ஏதாவது செய் என்று செல்வராஜிடம் சொன்னேன். பாட்டுப் போடுவான் என்று நினைத்தேன். அவன் மைக்கை எடுத்து "ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங்" என்றான். பிறகு, டெஸ்டிங் செய்ய வார்த்தை வேண்டுமே, "காசநோய் பரம்பரை வியாதி இல்லை" என்று இந்தியில் ஆரம்பித்தான். பதினோரு வருடம் கேட்ட பேச்சு. இயக்குநர் சொல்லும் இரண்டு நகைச்சுவைகளும் அதே இடத்தில் வந்தன. இயக்குநருக்குச் சிரிக்காத கூட்டம் இவனுக்குச் சிரித்தது. நடுவில் தமிழ்க் குடும்பம் ஒன்றைப் பார்த்துத் தமிழிலும் சொன்னான். முகக்கவசம் போட்ட ஒருவர் மைக் பிடித்தால் அவர் டாக்டர்தான் என்று கூட்டம் முடிவு செய்திருந்தது. சிவப்பு எழுத்துப் படத்தின் இடம் வந்தது. மௌனமானான். அந்த மௌனத்தில் இருமல் வந்தது, நிற்கவே இல்லை. மேசையைப் பிடித்துக்கொண்டான். நான் தண்ணீர் பாட்டிலோடு ஓடினேன்.

முன்வரிசையில் பட்டுச்சேலை கட்டிய ஒரு பஞ்சாபி அம்மாள் எழுந்து மிகுந்த மரியாதையோடு சொன்னார். "டாக்டர் சாப், ரொம்ப அருமையாப் பேசினீங்க. ஆனா அந்த இருமலை ஒரு நல்ல டாக்டர்கிட்ட காட்டுங்க."

நாற்காலி

திரும்பி வரும்போது வேனில் மல்ஹோத்ராஜி முன்னால் தூங்கிவிட்டார். நாங்கள் இருவரும் பின்னால், ஒலிபெருக்கிப் பெட்டிகளுக்கு நடுவே. ஜன்னலைத் திறந்து வைத்தேன்.

"எல்லாம் தெரியுது, பரிசோதனைக்கு மட்டும் போக மாட்டேங்கிற. சாகணும்னு ஆசையா?" என்றேன். நர்ஸ்கள் அப்படித்தான் கேட்போம்.

சாய்ந்த பெட்டி ஒன்றை நிமிர்த்தி வைத்தான். பிறகு, போன வருடம் ஒரு கருத்தரங்குக்கு நோய் குணமான பெண் ஒருத்தியை அனுபவம் பேச அழைத்திருந்தோமே, ஞாபகமா என்று கேட்டான். எனக்கு ஞாபகம் இருந்தது. மேடையில் எல்லோருக்கும் பீங்கான் கோப்பையில் டீ போனது. அந்தப் பெண்ணுக்கு மட்டும் காகிதக் கோப்பை. கொடுத்தது நான். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, கை தானாக எடுத்தது. அதை அவன் கவனித்தானா என்று தெரியாமல் ரோட்டைப் பார்த்தேன்.

"அவங்க நாற்காலிய ரெண்டடி தள்ளிப் போடுன்னு நம்ம ஆபீஸ்ல சொன்னாங்க, நான்தான் அக்கா போட்டேன்" என்றான். "குணமானவங்களுக்கே ரெண்டடி. எனக்கு டிபின்னு எழுதிட்டாங்கன்னா உங்க ஆபீஸ் அப்புறம் என்னைக் கூப்பிடுமா, நீங்களே சொல்லுங்க."

தெரிந்தவர்

மறுநாள் காலை அவன் வீட்டுக்கே ஆட்டோவில் போய் நின்றேன். அவன் மனைவி விஷயம் கேட்டதும் "ஜல்தி கூட்டிட்டுப் போங்க அக்கா" என்று அவன் சட்டையை எடுத்து அவன்மேல் போட்டாள். அரசு சிகிச்சை மையத்தின் சுவரில் எங்கள் நிறுவனத்தின் சுவரொட்டி. "இந்தப் போஸ்டர் கட்டு நான் வண்டியில ஏத்தினது" என்றான் செல்வராஜ், சொந்தக்காரரைப் பார்த்ததைப்போல.

சளிப் பரிசோதனை. காசநோய்தான். சாதாரண மருந்துக்குக் கேட்கிற வகை. ஆறு மாத மாத்திரை. மனைவியையும் மகளையும் சோதித்தார்கள்; இருவருக்கும் இல்லை. மாத்திரை கொடுக்கும் அம்மாள் விளக்க ஆரம்பித்தார். சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகும் என்றார். "பயப்படக் கூடாது" என்றான் இவன். கொஞ்சம் குணமானதும் என்றார். "நிறுத்தக் கூடாது" என்றான். அவர் சொல்ல வந்த எதையும் அவரைச் சொல்ல விடவில்லை. கடைசியில் அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு இவனை மேலும் கீழும் பார்த்தார். "தம்பி, எல்லாம் தெரிஞ்சவரா இருக்கீங்க. ஒண்ணும் தெரியாதவங்க உங்களுக்கு முன்னாடியே வந்துடறாங்க."

பொதுமக்களுக்குச் சொன்னது

ஒரே வேனில் போனவர் என்பதால் மல்ஹோத்ராஜியிடம் சொல்ல வேண்டியிருந்தது. அவர் அன்றே தன் காலனிக்கு மிகத் தொலைவிலுள்ள ஒரு பரிசோதனைக் கூடத்துக்குப் போய், ஒன்றுமில்லை என்று தெரிந்துகொண்டு, இயக்குநரிடம் போனார். இரண்டு வாரம் கழித்து, கருத்தரங்கு வேலை தொடங்கியபோது, இயக்குநர் என்னைக் கூப்பிட்டார்.

அந்த மாதக் கடைசியில் கருத்தரங்கு. தலைப்பு 'காசநோயும் பாகுபாடும்'. அதற்கு மைக் வைக்க வேறு ஆள் கிடைக்கவில்லை, ஆகவே செல்வராஜ் வரட்டும். அதற்குப் பிறகு மனிதாபிமான அடிப்படையில் அவருக்கு ஓய்வு கொடுத்துவிடுவோம் என்றார். எங்கள் அகராதியில் ஓய்வு என்றால் கூப்பிடாமல் இருப்பது. இடத்தை இன்னொருவர் பிடித்துவிடுவார். அதைச் செல்வராஜிடம் நான் சொல்ல வேண்டும், பக்குவமாக.

மாத்திரை தொடங்கி இரண்டு வாரம் தாண்டிவிட்டது, இனிப் பரவாது, வேலை செய்யலாம் என்று சிகிச்சை மையத்து டாக்டரே எழுதிக் கொடுத்திருக்கிறார் என்றேன். காகிதத்தை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. நீங்களே மேடையில் சொல்வதுதானே சார் என்றேன். அவர் நல்ல மனிதர். உண்மையாகவே வருத்தப்பட்டார். "அது பொதுமக்களுக்குச் சொன்னது, சிஸ்டர்."

மைக் டெஸ்டிங்

முதல்நாள் மாலை செல்வராஜிடம் சொல்லிவிட்டேன். எவ்வளவு பக்குவமாகச் சொன்னாலும் விஷயம் ஒரு வரிதான். "அச்சா அக்கா" என்றான். அவ்வளவுதான். நான் அழுதுவிடுவேனோ என்று அவன்தான் பயந்தான்.

கருத்தரங்கு அன்று காலை, விருந்தினர்கள் வந்து உட்கார ஆரம்பித்திருந்தார்கள். இயக்குநர் வாசலில் நின்று பூங்கொத்து கொடுத்துக்கொண்டிருந்தார். செல்வராஜ் நான்கு ஒலிபெருக்கிகளையும் சோதிக்க வேண்டும். அவனிடம் எங்கள் பழைய கூட்டங்களின் பதிவுகள் எல்லாம் போனில் இருந்தன. ஒன்றைப் போட்டான். அரங்கம் முழுக்க இயக்குநரின் குரல் எழுந்தது. மருந்தை ஒழுங்காகச் சாப்பிடத் தொடங்கி, டாக்டர் அனுமதித்துவிட்டால், அவரை வேலைக்கு வரவிடுங்கள், ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடுங்கள், அவர் வேலையைப் பறிப்பது நோயை விடக் கொடிய நோய் என்றது குரல். உட்கார்ந்திருந்தவர்கள் பாதிப் பேர் கைதட்டினார்கள். மீதிப் பேர் வாசலைத் திரும்பிப் பார்த்தார்கள். அங்கே பூங்கொத்தோடு அதே குரலின் சொந்தக்காரர் நின்றிருந்தார்.

செல்வராஜ் தலை நிமிரவில்லை. ஒவ்வொரு பெட்டியிடமும் போய்க் காதை வைத்துக் கேட்டான். குரல் அதன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. தெரிந்தே போட்டானா என்று நான் இன்றுவரை கேட்கவில்லை. இயக்குநர் மெதுவாக நடந்து மேடை வரைக்கும் வந்தார். கையிலிருந்த பூங்கொத்தை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் என்னிடம் கொடுத்தார். ஒலிபெருக்கிகளை ஒவ்வொன்றாக அண்ணாந்து பார்த்தார். கடைசியில் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார். "சவுண்ட் தெளிவா இருக்கு. ஆளை மாத்த வேண்டாம்."

இந்தத் தொழிலில் நான் பார்த்த அத்தனை கூட்டங்களிலும், பேசியதை ஒருவர் கடைசிவரை கேட்டு அதன்படி நடந்தது அன்று ஒருநாள்தான், அவரும் பேசியவராகவே இருந்தார்.