இரண்டாவது கியரைப் பிடித்த கை

எங்கள் பிக்கப் வண்டியில் இரண்டாவது கியர் நிற்காது. போட்டால் விழும், வண்டியும் இழுக்கும். ஆனால் மேட்டில் பாரம் அழுத்தும்போது கியர் ராடு துடிதுடித்துத் தானாகக் கழன்று நியூட்ரலுக்கு வந்துவிடும். அப்படி வராமல் யாராவது அதை அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும். எங்கள் வண்டியில் அந்த யாராவது நான்தான்.

வாலாஜாபாத் பக்கத்துக் கிராமங்களில் விடியும்போதே கீரை, கத்தரி, வெண்டை என்று ஏற்றிக்கொண்டு ஒரகடம், இருங்காட்டுக்கோட்டைப் பக்கமுள்ள மெஸ்களுக்குப் போடுவது என் வீட்டுக்காரருக்கும் எனக்கும் தொழில். கம்பெனிப் பிள்ளைகள் சாப்பிடுகிற மெஸ்கள். மதியச் சமையலுக்கு அடுப்பு மூட்டுவதற்குள் காய் போய்ச் சேராவிட்டால் அடுத்த நாள் வேறு வண்டிக்காரனைக் கூப்பிட்டுக்கொள்வார்கள். கீரை ஏற்றுகிற ஊரிலிருந்து வெளியே வர ஏரிக்கரை மேல் ஏறித்தான் ஆக வேண்டும். மேடு முடிகிற இடத்திலேயே ரோடு திரும்பும். பழைய வண்டி, ஸ்டீயரிங் லேசில் திரும்பாது. பாரத்தோடு திருப்ப இரண்டு கையும் வேண்டும். அதனால் மேடு வந்ததும் அவர் "புடிமே" என்பார். நான் இடப்பக்க சீட்டிலிருந்து வலது கையை நீட்டிக் கியர் ராடைப் பிடித்துக்கொள்வேன்.

"வண்டிய யாருமா ஓட்றது, நீயா அவுரா?" என்று மெஸ்காரர் ஒருவர் கிண்டல் செய்வார். "ஸ்டீயரிங் அவுரு, கியரு நானு" என்பேன். எங்களுக்குள் சண்டை வராத வாரம் கிடையாது. எனக்குக் கோபம் மூக்கு மேல் நிற்கும், அவருக்கு வாயே திறக்காது. பேச்சுவார்த்தை இல்லாத நாளில் மேடு வந்தால் "புடிமே" என்று சொல்ல மாட்டார், தொண்டையைச் செருமுவார். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடியே கையை நீட்டிப் பிடித்துக்கொள்வேன். சண்டை சண்டைதான், மேடு மேடுதான்.

கியர்ப் பல் தேய்ந்துவிட்டது, இந்த மாடலுக்கு இப்போது உள்சாமான் வருவதில்லை என்று மெக்கானிக் எப்போதோ சொல்லிவிட்டான். பிடிக்கத்தான் ஆள் இருக்கிறதே என்று நாங்களும் விட்டுவிட்டோம்.

போன ஆடி மாதம் ஒரு காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டார். பக்கவாதம். உயிருக்கு ஆபத்தில்லை, பேச்சும் தப்பித்தது. இடது கால் மட்டும் மெல்ல மெல்ல இழுத்து நடக்க வந்தது. இடது கை வரவே இல்லை. இடது கால் கிளட்சுக்கு, இடது கை கியருக்கு. ஒரு டிரைவருக்கு எது எது வேண்டுமோ அதைத் தேடிப் பார்த்து எடுத்துக்கொண்டது அந்த நோய்.

அதற்குப் பிறகு அவர் வாசலுக்கே வரவில்லை. டிவி எதிரில் உட்கார்ந்திருப்பார், பார்க்க மாட்டார். யாராவது நலம் விசாரிக்க வந்தால் இடது கையைத் துண்டால் மூடிக்கொள்வார். பேசுகிறவர்கள் கிளம்புகிற வரைக்கும் தரையையே பார்த்துக்கொண்டிருப்பார். 

லைசென்ஸ் என்னிடம் இருந்தது. காலி வண்டியை அவர் பக்கத்தில் இருக்க ஓட்டியிருக்கிறேன். மெஸ்களை விட்டுவிட்டால் சோற்றுக்கு என்ன செய்வது என்று ஒரு நாள் தைரியமாகக் கிளம்பிவிட்டேன். கீரைக் கட்டுகளை ஏற்றிக்கொண்டு ஏரிக்கரை மேட்டில் இரண்டாவது கியர் போட்டேன். ராடு துடிக்க ஆரம்பித்தது. உடனே என் வலது கை ஸ்டீயரிங்கை விட்டுவிட்டு, குறுக்கே போய் ராடைப் பிடித்துக்கொண்டது. இத்தனை வருஷம் இடப்பக்கம் உட்கார்ந்து வலது கையால் பிடித்த பழக்கம். ஓட்டுவது நான்தான் என்று அந்தக் கைக்குத் தெரியவில்லை. திருப்பத்தில் வண்டி திரும்பாமல் நேராகப் போய், கரை விளிம்பில் வேலிக்காத்தான் புதரில் முன்சக்கரம் ஏறி நின்றது. கீழே ஏரித் தண்ணீர். கரையில் வந்துகொண்டிருந்தவர்கள் ஓடி வந்து வண்டியைப் பின்னால் இழுத்துவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து எல்லாக் கோபத்தையும் அவர் மேல் கொட்டினேன். "நான் செத்திருந்தா இன்னாய்யா பண்ணியிருப்ப? இந்த டிவிகிட்டயா சோறு கேப்ப?" என்றேன்.  மறுநாள் காலை நான் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தபோது, முகம் மழித்து, சட்டை மாட்டி, என் சீட்டில் உட்கார்ந்திருந்தார்.

"நீ ஓட்டு. நான் புடிக்கிறேன்" என்றார்.

வலது கைக்கு ஒன்றும் ஆகவில்லையே. இடப்பக்க சீட்டில் உட்கார்ந்தால் கியர் ராடு வலது கைக்குத்தான் எட்டும். இது எனக்குத் தோன்றவே இல்லை பாருங்கள்.

அன்றிலிருந்து தினமும் வந்தார். மேட்டில் பிடிப்பார், மேடு முடிந்ததும் விடுவார். "கிளட்ச முழுசா மிதி", "ரேஸ் குடுக்காத" என்று உபதேசம் வேறு. "வாய மூடிக்கினு புடிய்யா" என்பேன். மெஸ் வாசலில் அவரைப் பார்த்ததும் டீ வந்துவிடும். துண்டு தோளுக்குப் போய்விட்டது. நன்றாகச் சாப்பிட்டார். என் மனிதர் திரும்பி வந்துகொண்டிருந்தார், எனக்கும் மனசு லேசானது.

ஆனால் பயமும் இருந்தது. இன்னொரு முறை வரலாம், ஜாக்கிரதை என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்த மேட்டில் வைத்து வலது கையும் வராமல் போய்விட்டால்? இந்த யோசனையில் நான் கிடந்தபோதுதான் மெக்கானிக் கூப்பிட்டான். எங்கள் வண்டியின் அடுத்த மாடலிலிருந்து கழற்றிய ஐந்து கியர் பெட்டி ஒன்று ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் பழைய சாமான் கடையில் கிடக்கிறது, கொஞ்சம் வெட்டி ஒட்டினால் நம் வண்டிக்கு உட்காரும் என்றான். அவரைக் கேட்டேன். "மாத்து. நல்லதுதான்" என்றார். 

கொஞ்சம் வெட்டி ஒட்டுவது என்றால் சும்மா இல்லை. புதுப் பெட்டி நீளம் அதிகம். அதைத் தாங்குகிற குறுக்குச் சட்டத்தைக் கழற்றிப் பின்னால் தள்ளி வெல்டிங் வைத்தான். பின்சக்கரத்துக்குப் போகும் ஷாஃப்டை லேத் பட்டறையில் கொடுத்து நீளம் குறைத்து வாங்கி வந்தான். கியர் ராடு பின்னால் தள்ளி வந்ததால் தரையில் புது ஓட்டை போட்டு, பழைய ஓட்டையை ஏதோ ஒரு கம்பெனியின் கழிவுத் தகட்டால் மூடினான். என் வீட்டுக்காரர் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

பழைய பெட்டியைத் திறந்து மெக்கானிக் காட்டினான். "பாத்தியா மாமா, பல்லு மொட்டையாக் கீது. இத்தினி வருஷம் கையாலயே புடிச்சி ஓட்டிக்கீறீங்க." பிறகு என்னிடம் திரும்பினான். "அக்கா, புதுசுல யாரும் கைய வச்சிக்கினு இருக்காதீங்க. இது தானா நிக்கும். சும்மா அழுத்திக்கினே இருந்தா உள்ள கியரத் தள்ற ஃபோர்க்கு தேஞ்சிடும்."

அவர் தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தார். பிறகு தோளிலிருந்த துண்டை எடுத்து இரண்டு கையையும் மூடிக்கொண்டார்.

மறுநாள் காலை அவர் எழுந்திருக்கவில்லை. "வரலியா?" என்றேன்.

"எதுக்கு? அதான் கியரு நிக்குதே."

தனியாகப் போனேன். ஏரிக்கரை மேட்டில் இரண்டாவது கியர் ஆணி அடித்த மாதிரி நின்றது. ராடில் ஒரு துடிப்பு இல்லை. இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்துத் திருப்பினேன், வண்டி சொன்னபடி கேட்டது. கரை மேல் ஓரமாக நிறுத்திவிட்டு அழுதேன். வண்டியைச் சரி பண்ணுகிறேன் என்று மனுஷனை உட்கார வைத்துவிட்டேனே என்று அழுதேன்.

அடுத்தடுத்த நாளும் அவர் வரவில்லை. மழிக்காத முகத்தோடு மறுபடி டிவி எதிரில் உட்கார்ந்துவிட்டார். கூப்பிட்டால், "நான் வந்து இன்னா பண்ணப் போறேன், வேடிக்கை பாக்கவா?" என்றார். தட்டில் போட்டது பாதி அப்படியே திரும்பி வந்தது. டாக்டர் கொடுத்த மாத்திரையை நான் கையில் திணித்தால்தான் போடுவார். இப்படியே விட்டால் இந்த நாற்காலியிலேயே போய்விடுவார் என்று எனக்குத் தெரிந்தது.

ஒரு மதியம் வந்ததும் சாவியைத் தூக்கி மேஜை மேல் அடித்தேன். "நல்ல மெக்கானிக்குய்யா உனக்கு வாய்ச்சான். புதுப் பொட்டியும் தண்டம். மேட்டுல கழண்டுக்குது."

தலையைத் தூக்கினார். "அப்டியா?"

"பின்ன, பொய்யா சொல்றேன்?"

காலையில் சீட்டில் இருந்தார். ஏரிக்கரை மேடு வந்தது. இரண்டாவது போட்டேன், "புடிய்யா" என்றேன். கையை வைத்தார். எனக்கு ரோட்டைப் பார்க்க முடியவில்லை, அவர் முகத்தைத்தான் பார்த்தேன். கழலுகிற கியர் உள்ளங்கையை எதிர்த்து முட்டும். அந்த முட்டல் எப்படி இருக்கும் என்று பிடித்தவர்களுக்குத் தெரியும். இந்த ஊரில் அது எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியும். இப்போது அவர் உள்ளங்கைக்குள் ராடு அசையாமல் இருந்தது. கொஞ்ச நேரம் அந்தக் கையையே பார்த்தார். "ரோட்டப் பாத்து ஓட்டு" என்றார். திருப்பம் முடிந்ததும் விட்டுவிட்டு, "மூணு போடு" என்றார்.

இவர் மறுபடி வருவதற்குக் காரணம் கேட்ட மெஸ்காரரிடமும் அதே கதையைச் சொல்லியிருந்தேன், அது மெக்கானிக் காதுக்குப் போய்விட்டது. ஒரகடத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த எங்களைத் தேடி வந்தான். "இன்னாக்கா, என் பொட்டி கழண்டுக்குதுன்னு சொல்றியாமே? சாவியக் குடு" என்றான். முகம் வாடியிருந்தது. பாவம், நல்ல வேலைக்காரன். மூன்று பேரும் முன்னாலேயே நெருக்கி உட்கார்ந்தோம். மேம்பாலத்தில் இரண்டாவது கியரிலேயே ஏற்றினான். ஆக்சிலேட்டரை மிதித்தான், விட்டான், மறுபடி மிதித்தான். ராடு இம்மி அசையவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் மடியைப் பார்த்தேன்.

அப்போது என் வீட்டுக்காரர் சொன்னார். "காலி வண்டியில ஒண்ணும் தெரியாதுபா. பாரம் ஏத்துனா கழண்டுக்குது. என் கைக்குத் தெரியும். பொட்டியத் தொறக்காத, நான் புடிச்சிக்கிறேன்."

"அய்ய, இல்ல மாமா, அப்டிப் புடிச்சா ஃபோர்க்கு..." என்று ஆரம்பித்த மெக்கானிக், அவர் முழங்கால் மேல் தயாராக விரிந்திருந்த வலது கையைப் பார்த்தான். பக்கத்தில் துண்டுக்குள் கிடந்த இடது கையையும் பார்த்தான்.  பாலம் இறங்கியதும் வண்டியை ஓரம் கட்டிச் சாவியை என்னிடம் கொடுத்தான்.

"புடிச்சிக்கோ மாமா. ஃபோர்க்கு தேஞ்சா வேற போட்டுக்கலாம்" என்றான்.

நேற்று முற்றின வெண்டைக்காயை ஏற்றிவிட்டேன் என்று எங்களுக்குள் பெரிய சண்டை. வழி முழுக்கப் பேச்சில்லை. ஏரிக்கரை மேடு வந்தது. இரண்டாவது போட்டுவிட்டுத் தொண்டையைச் செருமினேன். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடியே கையை நீட்டிப் பிடித்துக்கொண்டார்.