கடல் ஒரு கதவில், மச்சான் மறு கதவில்

எழுபதுகளின் கடைசியில் எங்கள் குடும்பத்தில் கேமராவைத் தொடத் துணிந்தவன் நான் ஒருவன்தான். துணிவுக்கும் திறமைக்கும் சம்பந்தமில்லை என்பதை ஈப்போ நகரில் ஃபிலிம் கழுவும் சீனர் முகத்தாலேயே சொல்லிவிடுவார். பங்கோர் தீவில் எடுத்த ஒரு படத்துக்கு மட்டும் அவர் தலையை ஆட்டினார். அந்தி நேரக் கடல். அக்காவின் கணவர் கால்சட்டையை முழங்கால்வரை மடித்துக்கொண்டு, முதுகைக் காட்டியபடி தண்ணீருக்குள் நடந்து போகிறார். முகம் தெரியாததுதான் கலை என்று நான் நம்பிய வயது.

அடுத்த மாதமே மச்சான் சிங்கப்பூருக்குக் கப்பல் பட்டறை வேலைக்குப் போனார். முதலில் கடிதம் வந்தது. பிறகு வரவில்லை. அக்கா அதைப் பற்றிப் பேசுவதில்லை. தபால்காரரின் சைக்கிள் மணி கேட்டால் அடுப்பை மட்டும் அணைத்துவிடுவாள்.

அவளுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று படத்தைப் பெரிதாக்கினேன். எங்கே ஒட்டுவது? அன்றைய டிவி, கால் முளைத்த மரப்பெட்டி. முன்பக்கம் இரண்டு கதவுகள். தள்ளினால் இரு பக்கமும் உள்ளே நழுவி மறைந்துவிடும். மாலையில்தான் ஒளிபரப்பு என்பதால் பகல் முழுக்க அது வெறும் மரம். அதில் ஒரு தீவு இருந்தால் என்ன? படத்தை நடுவில் வெட்டி, அக்காவோடு நான் இருந்த குனோங் ராபாட் வீட்டு டிவியில் இடது கதவில் கடலையும் வலது கதவில் மச்சானையும் ஒட்டினேன். யாரும் கேட்காமலேயே பிரதிகள் போட்டு, டிவி வைத்திருந்த உறவுக்காரர் எல்லோருக்கும் அனுப்பினேன். பாகான் டத்தோ எஸ்டேட்டில் இருந்த சின்னம்மாவுக்கு லாரிக்காரர் ஒருவர் கையில் கொடுத்துவிட்டேன். கூடவே இரண்டு வரி எழுதியிருக்கலாம். விளக்கம் கலைக்கு இழுக்கு என்பது அப்போதைய என் கொள்கை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சின்னம்மா பஸ் மாறி மாறி வந்து இறங்கினார். அக்காவின் நெற்றிப் பொட்டைப் பார்த்தார், தாலியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அக்காவின் கையைத் தடவிக்கொண்டே இருந்தார். தேநீரைத் தொடவில்லை. திடீரென எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, ஒரு வார்த்தை சொல்லாமல் வாசலைக் கடந்து போனார்.

அக்கா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"தம்பி, சின்னம்மா வாரேன்னு சொல்லல."

எங்களில் யாரும் எந்த வீட்டிலிருந்தும் 'வாரேன்' சொல்லாமல் கிளம்புவதில்லை, இழவு வீட்டைத் தவிர.

பஸ் நிறுத்தத்துக்கு ஓடினேன். என்னைக் கண்டதும் சின்னம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"அவளுக்கு இன்னும் சொல்லலயாய்யா?"

"என்னத்த சொல்ல? மச்சான் உயிரோடதான் இருக்காரு!"

அழுகை கோபமானது. "முதுகக் காட்டிக்கிட்டு கடலுக்குள்ள போற ஆளப் பெருசாக்கி வீடு வீடா அனுப்புனா, நாங்க என்னன்னு நெனைக்கிறது? கல்யாணப் பத்திரிகைன்னா? ஒனக்கு வாயால சொல்ல மனசு வரலன்னுல்ல நெனச்சேன்! சந்தனப் பொட்டு வச்சு, டிவி மேல வெளக்கும் ஏத்திட்டேன்லா."

"இருக்காரு சின்னம்மா."

"கடுதாசி வந்துச்சா?"

கெஞ்சிக் கூட்டிக்கொண்டு வந்தேன். சின்னம்மா வாசலிலேயே நின்று, பள்ளிப்பிள்ளை பாடம் ஒப்பிப்பதுபோல் சத்தமாகச் சொன்னார்: "நான் வாரேன் பாப்பா. நல்லா இரு. வாரேன்."

அக்கா டிவியைத் திரும்பிப் பார்த்தாள். "அவரு படத்துக்கு மாலையும் போட்டாச்சா சின்னம்மா?"

சின்னம்மா தரையைப் பார்த்தார். "பிளாஸ்டிக்குதான் பாப்பா. போனதும் கழட்டிடுறேன்."

எனக்குச் சிரிப்பு முட்டியது. அக்காவின் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டேன். சின்னம்மா போன பிறகு, டிவியைப் பார்த்தபடி அவள் மெதுவாகச் சொன்னாள்:

"கெளம்புன அன்னைக்கு அவரும் வாரேன்னு சொல்லல தம்பி. சண்டை. பையத் தூக்கிக்கிட்டு அப்படியே போயிட்டாரு. நான் பின்னாடியே போய் நின்னேன், திரும்பிப் பாக்கல."

எனக்குத் தெரியாமலேயே அந்த முதுகைத்தான் பெரிதாக்கி அவளுக்குப் பரிசளித்திருக்கிறேன். தினமும் அதைத் துடைத்து வைத்திருக்கிறாள்.

"கிழிச்சிடட்டுமாக்கா?"

"வேணாம். உயிரோட இருக்கிறவரு படத்த எதுக்குக் கிழிக்கணும்?"

செய்தி நேரம் வந்தது. அக்கா டிவியைத் திறந்தாள். கடல் இருந்த கதவை மட்டும் உள்ளே தள்ளினாள். மச்சான் இருந்த கதவில் நான் கை வைத்ததும், "அது இருக்கட்டும்" என்றாள்.

பாதித் திரையில் செய்தி ஓடியது. வாசித்தவருக்கு ஒரு கண், ஒரு காது, அரை வாய். மீதியைப் பார்க்க நான் கழுத்தைச் சாய்த்தேன், ஏதோ கிடைத்துவிடும் என்பதுபோல. அக்கா நேராகவே உட்கார்ந்திருந்தாள். சிங்கப்பூர் என்ற சொல் வந்தபோது மட்டும் எழுந்து போய்ச் சத்தத்தைக் கூட்டினாள்.