கனகாம்பிகையின் ‘எழும்படி’

அச்சுவேலிக் கனகாம்பிகையின் வாயில் அதிகம் புழங்கிய சொல் ‘எழும்படி’. புருசன் செத்து எட்டாம் மாதமே வெங்காயத் தோட்டத்தில் தனியே இறங்கியவள். சோம்பேறிகளை அவளுக்குக் கண்ணில் காட்டக்கூடாது. பெற்ற மகளென்றாலும்தான்.

மகள் கஜானி பள்ளிக்கூடத்தில் வலைப்பந்து ஆடியவள். பத்தொன்பது வயதில் படியேறக் கஷ்டப்பட்டாள். பிறகு நிலத்தில் உட்கார்ந்தால் நேரே எழும்ப முடியவில்லை. குனிந்து, முழங்காலில் கையூன்றி, பிறகு தொடையில் ஊன்றி, தன் உடம்பிலேயே ஏணி ஏறுவதுபோல் எழும்பினாள்.

“என்னடி உது, கிழவியள் மாதிரி? நெடுகப் போனும் கையுமாப் படுத்தா உப்பிடித்தான். எழும்படி!”

“கால் நோகுதம்மா.”

“நோகட்டும். நொந்தாத்தானே உரம் வரும்? நானும் முதல் பாத்தி கொத்தின அண்டு அழுதுகொண்டுதான் படுத்தனான். பிறகு கையும் காலும் இரும்பாப் போச்சு.”

அவள் சொன்னது பொய்யில்லை. அதுதான் கொடுமை. தன் உடம்பில் கண்டதையே மகளுக்கும் மருந்தாகக் கொடுத்தாள். இரண்டு வருசம் மண்வெட்டியைக் கையில் திணித்தாள். கஜானியும் ரோசக்காரி, கொத்தினாள். போன மாதம் பாத்திக்குள்ளேயே விழுந்தாள். ஊன்றி எழும்பக் கையிலும் பெலனில்லை.

ஆஸ்பத்திரியில் ரத்தமும் சதைத் துண்டும் எடுத்துச் சோதித்தார்கள். முடிவு கேட்கக் கனகாம்பிகை தனியே போனாள்.

“விதை வெங்காயம் எடுத்து வைப்பியள்தானே அம்மா?” என்று கேட்டார் டொக்டர் ஜெயசுதன்.

“வைக்காமல்? முழுக்க வித்துப்போட்டு அடுத்த போகத்துக்கு மண்ணையோ நடுறது?”

“சதையும் அப்பிடித்தான். ஒவ்வொரு சதை நாரோடையும் விதை மாதிரிக் கலங்கள், செல் எண்டு சொல்லுறது, நித்திரையிலை கிடக்கும். கடும் வேலை செய்தா நார் கொஞ்சம் கிழியும். உடனை அதுகள் முழிச்சு, பெருகி, கிழிஞ்சதை அடைக்கும். கொஞ்சம் திரும்ப விதையாப் படுத்திடும். உங்களுக்கு உரம் வந்தது அப்பிடி. பிள்ளைக்குப் பிறவியிலேயே நாரின்ரை தோல் பழுது, கிழிஞ்சா மூடாது. அந்த விதைக் கலங்களும் நெடுக முளைச்சு முளைச்சுக் களைச்சுப்போச்சு. இப்ப அந்த இடத்திலை கொழுப்பும் தழும்பும்தான்.”

கனகாம்பிகை தன் புயத்தை நீட்டினாள். “என்னட்டை அந்த விதை கனக்கக் கிடக்கும் தம்பி. வெட்டியெடுத்து அவளுக்கு வையுங்கோவன்.”

“வெளிநாட்டிலை முயற்சி செய்யினம் அம்மா. ஊசியாலை போட்டா முக்கால்வாசி செத்துப்போகுது. மிச்சமும் பரவுதில்லை. இன்னும் மருந்தாகேல்லை.”

“நடப்பாளோ?”

“இன்னும் கொஞ்சக் காலத்துக்குத்தான் நடப்பா.”

“அப்ப... நான் கொத்த விட்டது?”

டொக்டர் மேசையைப் பார்த்தார். “இந்த நோய் உங்களாலை வரேல்லை. பாரவேலை அதைக் கெதியா முத்தவைச்சிருக்கும்.”

வீட்டில் கஜானி நிலத்தில் உட்கார்ந்து வெங்காயம் துப்புரவாக்கிக் கொண்டிருந்தாள். தலைக்கு மேலே விதைக்கென்று பிடிபிடியாய்க் கட்டிய வெங்காயம் தொங்கியது. வாசல் படலை திறக்கும் சத்தம் கேட்டதும் பதறி, கையை முழங்காலுக்குக் கொண்டுபோனாள்.

“வந்திட்டியளோ? இந்தா, எழும்பிறன் அம்மா.”

“இரு பிள்ளை.”

இருபத்தொரு வருசத்தில் அந்தச் சொல்லைத் தாயின் வாயிலிருந்து கஜானி கேட்டதில்லை. முழங்காலில் வைத்த கை அப்படியே நின்றது.

“டொக்டர் என்னவாம்?”

கனகாம்பிகை மகளின் முழங்காலில் ஒட்டியிருந்த வெங்காயச் சருகைத் தட்டிவிட்டாள்.

“அம்மா, ஒருக்கா ஏசுங்கோவன். எழும்படி எண்டு சொல்லுங்கோ.”

கனகாம்பிகை வாயைத் திறந்தாள். சொல் வரவில்லை. மகளுக்குப் பக்கத்தில், வெங்காயச் சருகுக்குள், தானும் தொப்பென்று இருந்துவிட்டாள்.