‘ஆஃபுலி குட்’ என்று வந்த சீட்டு

அவள் திரைச்சீலை தைப்பவள். தெருவில் எல்லோருக்கும் ‘டேப் அக்கா’. கழுத்தில் அளவு டேப் தொங்காமல் அவளைப் பார்த்தவர்கள் குறைவு. ஒருமுறை கல்யாண வீட்டுக்கே அதோடு போய்விட்டு, பாதிச் சாப்பாட்டில்தான் கழற்றிப் பையில் போட்டாள்.

பதினேழு வருஷம் ஒரு சோபாக் கடையின் பின்கட்டில் உட்கார்ந்து தைத்தாள். கடையை மூடியபோது முதலாளி பழைய மெஷினை அவளுக்கே கொடுத்துவிட்டார். அதை வீட்டு முன்னறையில் போட்டு, சொந்தமாகப் பிடித்த முதல் பெரிய வேலை நூலகத்துடையது. படிப்பறையில் எட்டு ஜன்னல்கள். நூலகத் தலைவி வேறு தேசத்துக்காரர், ஆங்கிலம்தான் பேசுவார். டேப் அக்காவுக்குத் துணி லேபிளும் பில்லும் படிக்கிற அளவுக்கு ஆங்கிலம் வரும். மிச்சத்தைப் போன் அகராதி பார்த்துக்கொள்ளும்.

வெள்ளிக்கிழமை போய் எட்டையும் மாட்டினாள். ஏணியிலிருந்து இறங்கி நிமிர்ந்தபோதுதான் கண்ணில் பட்டது: மூன்றாவது ஜன்னலின் இடதுபக்கச் சீலை ஒரு விரற்கடை குட்டை. தலைவி அன்று வெளியே போயிருந்தார். பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று ஏணியை மடக்கினாள். ஆனால் அது நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது.

மறுநாள் நூலகத்திலிருந்து ஒருவர் வந்து ஒரு சீட்டைக் கொடுத்துவிட்டுப் போனார். நாலே வரி. ‘கர்ட்டன்ஸ் ஆர் ஆஃபுலி குட். ஐ ஆம் டெரிப்ளி சாரி ஐ மிஸ்ட் யூ. வி பேட்லி நீட் யூ அப்ஸ்டேர்ஸ். ப்ளீஸ் கம் ஆன் மண்டே.’

‘குட்’ தெரிந்தது. அதற்கு முன்னால் நின்ற வார்த்தை தெரியவில்லை. ‘ஆஃபுல்’ என்று அகராதியில் தட்டினாள்: படுமோசமான. ‘டெரிபிள்’: பயங்கரமான. ‘பேட்லி’: மோசமாக.

கணவர் பேக்கரியில் அடுப்படி வேலை பார்ப்பவர். விடியுமுன் போய் நண்பகலில் திரும்புவார். வந்ததும் சீட்டை நீட்டினாள்.

“மோசம், பயங்கரம், மறுபடியும் மோசம். நாலு வரியில மூணு திட்டுங்க.”

“குட்னு ஒண்ணு இருக்கே?”

“குத்தலா சொல்றாங்க. ‘ரொம்ப நல்லாத்தான் தெச்சிருக்கே’ன்னு நம்ம சொல்றதில்லையா?”

அவர் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “மேல வான்னு எதுக்குக் கூப்பிடறாங்க?”

“ஆபீஸ் மேலதான் இருக்கும். நிக்க வெச்சுக் கேக்கத்தான்.”

ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. போட்ட சோறு தட்டில் காய்ந்தது. மிச்சத் துணியை எடுத்து ஒரு புதுச் சீலை வெட்டினாள். மூன்றுமுறை அளந்துவிட்டு வெட்டினாள். எட்டும் வேண்டாம் என்றுவிட்டால் என்ன செய்வது, ஊரெல்லாம் பேச்சாகிவிடுமே என்ற நினைப்பிலேயே ஊசி இரண்டுமுறை விரலில் ஏறியது.

திங்கட்கிழமை கணவரும் விடுப்பு எடுத்துக்கொண்டு கூடவே வந்தார். நூலக வரவேற்பில் கண்ணாடி போட்ட ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். டேப் அக்கா சீட்டை அவளிடம் வைத்து, “தப்பு என்மேலதான்மா, மாத்தித் தந்துடறேன்” என்றாள்.

அந்தப் பெண் படித்தாள். உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள்.

“என்ன தப்புக்கா? பாராட்டியில்ல எழுதியிருக்காங்க.”

“ஆஃபுல்னா மோசம்தானே? அகராதியில பாத்தேன்.”

“தனியா நின்னா மோசம். ‘குட்’டுக்கு முன்னாடி ‘ஆஃபுலி’ன்னு வந்தா ‘ரொம்ப’, அவ்வளவுதான். டெரிப்ளி சாரின்னா ரொம்ப வருத்தம், உங்களைப் பாக்க முடியலையேன்னு. பேட்லி நீட்னா அவசியம் வேணும்னு.”

“ரொம்பன்னு சொல்ல மோசமான வார்த்தை எதுக்கும்மா?”

“உங்க தையலை நான் ‘பயங்கரமா நல்லாருக்கு’ன்னு சொன்னா கோவிச்சுக்குவீங்களா?”

டேப் அக்கா யோசித்தாள். தங்கை குழந்தையைத் தூக்கும்போதெல்லாம் ‘கொள்ளை அழகு’ என்று அவளே கொஞ்சுவாள். அந்தக் குழந்தை யார் வீட்டிலும் கன்னம் வைத்துத் திருடியதில்லை. பக்கத்தில் நின்ற கணவர் மெதுவாக, “குத்தலாச் சொல்றாங்கன்னியே” என்றார். அவள் அவரை முறைக்கப் பார்த்தாள், சிரிப்புதான் வந்தது. மலைபோல் வந்தது பனிபோல் விலகியதில் அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். கண்ணில் நீர் துளிர்த்தது. அந்தப் பெண் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து தந்தாள்.

தலைவி இறங்கி வந்ததும் மூன்றாவது ஜன்னலை டேப் அக்காவே காட்டினாள். தலைவி குனிந்து பார்த்தார், தள்ளி நின்று பார்த்தார், தோளைக் குலுக்கினார். தனக்குத் தெரியவே இல்லை என்று சொன்னதை வரவேற்புப் பெண் தமிழில் சொன்னாள்.

“அவங்களுக்குத் தெரியலைன்னாலும் எனக்குத் தெரியுதேம்மா” என்று டேப் அக்கா ஏணி ஏறிப் புதுச் சீலையை மாட்டினாள்.

மாடியில் பதினோரு ஜன்னல்கள் திரையில்லாமல் வெயிலில் கிடந்தன. மேலே கூப்பிட்டது அதற்குத்தான். கணவர் டேப்பின் ஒரு முனையைப் பிடித்துக்கொள்ள, அவள் ஒவ்வொன்றாக அளந்து குறித்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்து இரண்டு தட்டு சோறு சாப்பிட்டாள். கை கழுவிய ஈரம் காயுமுன் பாயில் சாய்ந்தவள், பக்கத்து வீட்டுக் குழந்தைகள் பள்ளிவிட்டு வந்து சத்தம் போடுகிறவரை அசையவில்லை.