நாய்க்கு எழுதிய கண்

போன கிறிஸ்மஸுக்கு வந்த அண்ணன் மகள் தன் பூனையின் படத்தைக் கைப்பேசியில் காட்டினாள். பூனையின் கண்கள் இரண்டும் பச்சை விளக்காக எரிந்தன. திரையில் ஒரு தட்டுத் தட்டினாள், இரண்டும் கறுத்துவிட்டன. "முடிஞ்சிருச்சு அத்தை" என்றாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அந்தப் பூனை எங்கே பார்த்துக்கொண்டிருந்தது என்று கைப்பேசிக்கு எப்படித் தெரியும்? ஆனாலும் வாயை மூடிக்கொண்டேன். அதே தப்பை நானும் ஒருமுறை செய்திருக்கிறேன், அதுவும் அரை நாள் மெனக்கெட்டு.

எண்பதுகளின் தொடக்கம். மலேசியாவின் கேமரன் மலையில், தானா ராத்தாவில் ஒரு போட்டோ கடையில் வேலை பார்த்தேன். படம் எடுப்பதும் கழுவுவதும் சீன முதலாளி. படத்தில் இருக்கும் குறைகளைத் தூரிகையால் சரிசெய்வது நான். சுற்றியிருந்த தேயிலை எஸ்டேட்டில் யாராவது இறந்துபோனால் வீட்டில் மாட்ட ஒரு படம் வேண்டும். பெரும்பாலும் ஐசி என்கிற அடையாள அட்டைக்கு எடுத்த படம் ஒன்றுதான் மிஞ்சியிருக்கும். நகத்தளவு படத்தைப் பெரிதாக்கினால் கண் கலங்கி வெறும் சாம்பல் திட்டாகிவிடும். அதை நான் திரும்ப எழுத வேண்டும். கடையில் அதற்குக் கண் திறப்பது என்று பெயர்.

அதற்கு விதி ஒன்றே ஒன்று. கண் நேராகப் பார்க்க வேண்டும். வீட்டில் எந்த மூலையில் நின்றாலும் இறந்தவர் தன்னையே பார்ப்பதாக அந்த வீட்டுக்காரருக்குத் தோன்ற வேண்டும். அதில் எனக்கு நல்ல பெயர், பெயருக்கேற்ற தலைக்கனமும் இருந்தது.

அப்பாவும் அம்மாவும் போனபிறகு தொழிலாளர் வரிசையில் இருந்த எங்கள் லயத்து வீட்டை எஸ்டேட்டுக்கே திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று. அண்ணன் ஜொகூரில் குடும்பமாகிவிட்டான். முதலாளி கடைக்குப் பின்னால் இருந்த அறையைத் தந்தார். சாயங்காலம் அவர் வீட்டுக்குக் கிளம்பியதும், சட்டம் போட்டு வைத்திருக்கும் படங்களையெல்லாம் சுவர்ப்பக்கம் திருப்பி வைப்பேன். அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்க எனக்குச் சோறு இறங்காது. திருப்பி வைத்த பிறகு பேச்சுத் துணைக்கு ரேடியோதான். அந்த வருஷங்களில் நான் ரொம்பத் தனியாக இருந்தேன். அதை அழகாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

ஒரு மழைநாளில் ஒருவர் வந்தார். தேயிலை ஃபேக்டரியில் வேலை செய்பவர், ஐம்பது வயதைத் தாண்டியவர். நாலு வருஷத்துக்கு முன்னால் அவர் மனைவியின் படத்துக்குக் கண் திறந்தவள் நான்தான். இந்த முறை சட்டைக்குள்ளிருந்து பிளாஸ்டிக் பையில் சுற்றிய ஒரு கலர் படத்தை எடுத்தார். லயத்து வீட்டு வாசற்படியில் ஒரு செம்பழுப்பு நாய் படுத்திருந்தது. அதற்குப் பின்னால், வீட்டுக்குள் இருட்டில், பாதி உடம்பாக அவர். மச்சான் மகன் வாசலில் நின்று ஃபிளாஷ் போட்டு எடுத்தானாம். நாயின் கண்கள் வெள்ளை வெளேரென்று எரிந்தன.

நாய் செத்து இரண்டு வாரம் ஆகிறது என்றார். மனைவி வளர்த்த நாய். ஃபிலிமை மச்சான் மகன் தொலைத்துவிட்டான், இருப்பது இந்த ஒரு படம்தான். பக்கத்து வீட்டுக்காரர்கள் இதைப் பார்த்துவிட்டு, முனி இறங்கிய கண் மாதிரி இருக்கிறது, வீட்டில் வைக்காதே என்கிறார்களாம். மனைவியின் படத்துக்குப் பக்கத்தில் மாட்ட வேண்டும், கண்ணை மட்டும் நாய்க் கண்ணாக்கிக் கொடுத்தால் போதும் என்றார்.

மனிதர் படம் என்றால் ஆயிரம் கேள்வி கேட்பேன். சின்னக் கண்ணா, இமை தொங்குமா, ஒன்றரைக் கண்ணா? நாய்க்கு என்ன கேட்பது என்று ஒன்றுமே கேட்கவில்லை. மூன்று முடி தூரிகையை எச்சிலில் கூராக்கி, பழுப்புக்கு மேல் கறுப்பை ஒற்றி ஒற்றி வைத்தேன். ஈரக் காற்றில் சாயம் காயவில்லை. பல்பின் கீழே பிடித்துக் காயவைத்தேன். கடைசியில் கை தன் வழக்கத்துக்கு, கறுப்பின் நடுவில் ஒரு வெள்ளைப் பொட்டு வைத்தது. நாய் உயிரோடு நிமிர்ந்து பார்த்தது. முதலாளியே மெச்சினார்.

சனிக்கிழமை அவர் வந்தார். படத்தை ஜன்னல் பக்கம் கொண்டுபோய் நெடுநேரம் பார்த்தார்.

"இது இப்படிப் பாக்காதும்மா" என்றார்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம். பின்னே எப்படிப் பார்க்கும் என்று கேட்டேன். அவர் சாந்தமாகச் சொன்னார். மனைவி கொழுந்தெடுத்துவிட்டு மேட்டுப் பாதையில் இறங்கி வருவாளாம். அவள் போனபிறகும் நாய் தினமும் சாயங்காலம் வாசற்படியில் படுத்து அந்தப் பாதையையே பார்த்துக்கொண்டிருக்குமாம். படம் எடுத்த அன்றும் கேமராவைப் பார்க்கவில்லை. எடுத்தவன் தோளுக்கு மேலாக, மேட்டைத்தான் பார்த்ததாம்.

கோபம் இறங்கிவிட்டது, வெட்கம் வந்தது. நான் இறந்தவர்களுக்கு வைக்கும் பார்வையை அந்த நாய்க்கும் வைத்திருக்கிறேன். சாயம் ஈரப் பஞ்சுக்கு வந்துவிடும், துடைத்துவிட்டு மேட்டைப் பார்க்கிற மாதிரி எழுதித் தருகிறேன் என்றேன். பஞ்சைக்கூட நனைத்துவிட்டேன்.

அவர் படத்தை என் கைக்கு எட்டாமல் இழுத்துக்கொண்டார்.

"வேணாம்லா. அவ போய் நாலு வருஷம் நான்தான் சோறு போட்டேன். ஒரு நாள்கூடத் திரும்பி என்னைப் பாத்ததில்ல. இப்பயாச்சும் பாக்கட்டும்."

பிளாஸ்டிக் பையில் சுற்றி மறுபடியும் சட்டைக்குள் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார். நனைத்த பஞ்சு என் கையிலேயே இருந்தது. அவரை நான் அதற்குப் பிறகு பார்க்கவில்லை.

முதலாளி கிளம்பியதும் கடையைச் சாத்தினேன். மேசைமேல் சட்டம் போட்ட படங்கள் ஏழு இருந்தன. வழக்கம்போல முதல் படத்தைத் திருப்பக் கை வைத்தேன். யாரோ ஒரு அம்மாள், நான் எழுதிய கண்ணால் நேராக என்னைப் பார்த்தாள். அன்றைக்கு என்னைப் பார்க்க வேறு யாரும் இல்லை. படத்தைத் திருப்பாமல், அவளுக்கு எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டேன்.